வின்சன் சிகரம்: 5,140-ஆ, 4,897-ஆ, 4,892-ஆ? அப்புறம் அந்தப் பனியாறுகள்

கேள்வி, ஜனவரி 11

குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். அண்டார்டிகாவின் மிக உயரமான சிகரம் வின்சன் என்று எல்லா கைடும் சொல்கிறது. உயரம் மட்டும் ஆளுக்கொன்று. ஒன்றில் 5,140 மீட்டர், இன்னொன்றில் 4,897, இணையத்தில் 4,892. எது சரி? மலை தேய்கிறதா என்ன?

ஜனவரி 11, இரவு 10.40

4,892. அதையே எழுதுங்கள் தம்பி. கொடுத்த நான்கில் 4,897 மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை டிக் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். ஐந்து மீட்டருக்காக ஒரு மார்க்கை விட வேண்டாம்.

மலை தேயவில்லை.

ஜனவரி 12

காலையில் எடுத்துப் பார்த்தால் பதில் மொட்டையாக இருக்கிறது. நான் சர்வே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். யாராவது ஓர் உயரத்தைச் சொன்னால் "எதிலிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்காமல் வாய் சும்மா இருக்காது. அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

5,140 என்பது அந்தச் சிகரம் கண்ணில் பட்ட புதிதில் போட்ட மதிப்பீடு. கண்ணில் பட்டதே 1958 ஜனவரியில்தான், அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றிலிருந்து. எவரெஸ்ட்டில் ஆள் ஏறி நின்றது 1953. ஆக, உலகத்தின் உச்சியைத் தொட்ட பிறகும், ஒரு முழுக் கண்டத்தின் உச்சி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. அப்படிப் புதிதாகக் கிடைத்த மலைக்கு முதலில் போட்ட கணக்கு 250 மீட்டர் கூடிப்போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

4,897-க்குப் பின்னால் இருக்கும் கதைதான் என் மாதிரி ஆட்களுக்குப் பிடித்தது. 1979 டிசம்பர் 22 அன்று இரண்டு ஜெர்மானியர்களும் ஒரு சோவியத் நில அளவையாளரும் வின்சன் மேல் ஏறினார்கள். அந்தப் பருவத்தில் அங்கே நிலவியல் ஆய்வுக்கு வந்திருந்த குழுவின் ஆட்கள். மேலிடத்து அனுமதி இல்லாமல் ஏறியது. உச்சியில் ஒரு பனிச்சறுக்குக் கம்பை நட்டு அதில் சிவப்புக் கொடியைக் கட்டிவிட்டு இறங்கிவிட்டார்கள். அந்தக் கொடி உயரம் எடுக்க உதவியது.

தியோடலைட்டில், அதாவது கோணம் அளக்கும் சர்வே கருவியில், கண் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கீழே கருவியோடு நிற்பவனுக்கு மேலே குறி வைக்க ஒரு புள்ளி வேண்டும். அங்கே உச்சியும் வெள்ளை, அதற்குப் பின்னால் மேகம் வந்தால் வானமும் வெள்ளை. கருவிக்குள் தெரியும் குறுக்குக் கோட்டை (கிராஸ் ஹேர்) எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? விளிம்பு என்று நீங்கள் நினைப்பது பத்தடி முன்னால் தள்ளி நிற்கும் பனிமுகடாகக்கூட இருக்கலாம். சிவப்பாக ஒரு துண்டுத் துணி அங்கே கிடைத்தால் அது வரம்.

4,892 என்பது 2004-ல் ஒமேகா ஃபவுண்டேஷன் குழு ஜிபிஎஸ் கருவியை உச்சிக்கே தூக்கிப் போய், மணிக்கணக்கில் அங்கேயே வைத்து எடுத்த அளவு.

ஜனவரி 14

"ஜிபிஎஸ் என்றால் சென்டிமீட்டர் சுத்தம், அதனால் 4,892-தான் கடைசித் தீர்ப்பு" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். கருவி சுத்தம்தான் சார். ஆனால் அது தருவது கடல் மட்டத்திலிருந்து உயரம் இல்லை. பூமிக்குப் பொதுவாக வைத்திருக்கும் ஒரு நீள்கோள வடிவத்திலிருந்து உயரம். அதற்கும் உண்மையான கடல் மட்டத்துக்கும் இடையில் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தைக் கழித்தால்தான் நாம் பேசும் உயரம் வரும்.

நம் பக்கத்தில் இந்த வித்தியாசம் கொஞ்ச நஞ்சம் இல்லை. இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் உலகத்திலேயே மிகப் பெரிய பள்ளம் இருக்கிறது, கடல் மட்டத்திலேயே பள்ளம், சுமார் 106 மீட்டர். தமிழ்நாட்டின் தென்கரையும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. திருத்தம் போடாமல் எடுத்தால், கடற்கரையில் மணலில் நிற்கும்போது கருவி மைனஸ் தொண்ணூறுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டும். ராமநாதபுரம் பக்கம் ஒரு சாலை வேலையில், புதிதாக வந்த பையன் அந்த எண்ணையே ஆர்.எல்., அதாவது கடல் மட்டத்திலிருந்து உயரம், என்று எடுத்து டிராயிங்கில் ஏற்றிவிட்டான். சாலைக்குப் போட வேண்டிய சிறுபாலம் (கல்வெர்ட்) கடலுக்கு அடியில் போய் நின்றது. கான்ட்ராக்டர் தாளை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "முத்துக் குளிக்கிறவங்கள வச்சுத்தான் சென்ட்ரிங் அடிக்கணும் சார்" என்றார்.

வின்சனிலும் அதே கணக்குதான். அங்கே கூடுதல் தொல்லை என்னவென்றால், சுற்றி எங்கும் திறந்த கடல் கிடையாது. ரோன் பனித்தட்டு என்று ஒரு மிதக்கும் பனிப்பரப்பு இடையில் கிடக்கிறது. அதைத் தாண்டிப் போனால்தான் வெடல் கடல். ஆகவே கடல் மட்டம் அங்கே எங்கே ஓடும் என்பதை ஈர்ப்பு விசைக் கணக்கிலிருந்து ஊகித்துத்தான் எடுக்க வேண்டும். 2004-க்குப் பிறகு செயற்கைக்கோள் ஈர்ப்பளவைகள் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன. நாளைக்கு யாராவது திரும்பக் கணக்குப் போட்டுக் கடைசி இலக்கத்தை மாற்றினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஜனவரி 15

"இந்த இடம் மேப்பில் எங்கே, கிடைக்கவே மாட்டேன் என்கிறதே" என்ற கேள்விக்கு:

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் தேடாதீர்கள். அதில் அண்டார்டிகா அடியில் ஒரு வெள்ளைப் பட்டையாக நசுங்கிக் கிடக்கும். தென்முனையை நடுவில் வைத்து வரைந்த படத்தை எடுங்கள். தென் அமெரிக்காவை நோக்கி வால் மாதிரி ஒரு தீபகற்பம் நீளும். அந்த வால் உடம்போடு சேரும் இடத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளி, எல்ஸ்வொர்த் மலைகள். தெற்கு 78 பாகை 31 கலை, மேற்கு 85 பாகை 37 கலை. தென்முனையிலிருந்து சுமார் 1,200 கி.மீ.

எல்ஸ்வொர்த் மலைகள் இரண்டு துண்டு. வடக்கே சென்டினல் தொடர், தெற்கே ஹெரிடேஜ் தொடர். இரண்டையும் அறுத்துக்கொண்டு நடுவில் போவது மின்னசோட்டா பனியாறு. உயரமெல்லாம் வடக்குத் துண்டில்தான். வின்சன், டைரி, ஷின், கார்ட்னர் எல்லாம் சென்டினலில் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் நிற்கின்றன.

அமெரிக்கத் துருவப் பயணி லிங்கன் எல்ஸ்வொர்த் 1935 நவம்பர் 23 அன்று இந்த சென்டினல் தொடரை விமானத்திலிருந்து பார்த்துப் பெயர் வைத்தார். ஹாலிக்-கென்யன் விமானி, போலார் ஸ்டார் விமானம். கண்டத்தைக் குறுக்கே கடந்து போன பயணம் அது. இலக்குக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்துபோய் இறங்கி நடந்தார்கள். ரேடியோவும் போச்சு. டிஸ்கவரி 2 என்ற கப்பல் வந்து 1936 ஜனவரியில் கூட்டிப் போனது. தொடரைப் பார்த்தவர் அவர்தான், ஆனால் அதன் உச்சி எது என்பது தெரிய இன்னும் 22 வருஷம் ஆனது.

ஜனவரி 17

சின்னக் குறிப்பு, தேர்வுக்கு உதவாது. வின்சன் என்பது கார்ல் வின்சன், ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். அந்த மலைக்கு மேற்கே அடிவாரத்தில் ஓடுவது நிமிட்ஸ் பனியாறு. நிமிட்ஸ் கடற்படை அட்மிரல். இரண்டு பேர் பெயரிலும் விமானந்தாங்கிக் கப்பல் உண்டு. யுஎஸ்எஸ் நிமிட்ஸ் 2007 ஜூலையில் சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டபோது எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது என்று வயதானவர்களுக்கு நினைவிருக்கும். கார்ல் வின்சன் கப்பலும் மலபார் கடற்படைப் பயிற்சிக்காக வங்காள விரிகுடாவுக்கு வந்திருக்கிறது. அண்டார்டிகாவில் வின்சன் நிமிட்ஸுக்கு மேலே நிற்கிறார். கடற்படையில் கார்ல் வின்சன் நிமிட்ஸ் வகுப்புக் கப்பல். யார் பெரியவர் என்பதை அவர்களே பேசி முடித்துக்கொள்ளட்டும்.

ஷின் சிகரம் ஒரு விமானியின் பெயர். 1956-ல் தென்முனையில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவர் கான்ராட் ஷின். அது நியாயமான பெயர் என்பது என் அபிப்பிராயம்.

ஜனவரி 20

ஒருவர் எழுதியது: "மலைத்தொடர் என்றாலே நீர்ப்பிரிமேடு. வின்சனின் கிழக்கில் விழும் பனி அட்லாண்டிக் பக்கம், மேற்கில் விழுவது பசிபிக் பக்கம்."

இதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக வரைபடத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித்தான் தோன்றும். இங்கே அப்படி இல்லை.

கிழக்குப் பக்கம் நேரடியான விஷயம். நீளமான முதுகுகள், நடுவில் பள்ளத்தாக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு பனியாறு. டேட்டர் பனியாறு வின்சனின் கிழக்குச் சரிவில் இறங்குகிறது, தாமஸ் பனியாறு தென்கிழக்கில். எல்லாம் போய்ச் சேருவது ரட்ஃபோர்ட் பனி ஓடையில். ஓடை என்றதும் சின்னதாக நினைக்க வேண்டாம். சுமார் 300 கி.மீ. நீளம், 25 கி.மீ. அளவில் அகலம், இரண்டு கி.மீ.க்கு மேல் ஆழம். சென்டினல் தொடரின் கிழக்கு விளிம்பை ஒட்டியே தென்கிழக்காகப் போய் ரோன் பனித்தட்டில் கலக்கிறது. ரோன் வழியாக வெடல் கடல்.

மேற்குப் பக்கம் செங்குத்து. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் சுவர் மாதிரி நிற்கும் பாறை. அதில் இருக்கும் வழி பிரான்ஸ்கோம்ப் பனியாறு. ஏறுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் இதன் வழியாகத்தான் போகிறார்கள். பிரான்ஸ்கோம்ப் மேற்கே இறங்கி நிமிட்ஸில் விழுகிறது. நிமிட்ஸ் 60 கி.மீ.க்கு மேல் நீளம், ஒரு பக்கம் சென்டினல், மறுபக்கம் பாஸ்டியன் என்ற சின்னத் தொடர். இவற்றுக்கு நடுவில் தென்கிழக்காக நகர்ந்து மின்னசோட்டாவில் சேருகிறது. மின்னசோட்டா? அதுதான் இரண்டு துண்டுக்கும் நடுவில் மலையை அறுத்துக்கொண்டு கிழக்கே வருவது. வந்து ரட்ஃபோர்டில் கலக்கிறது!

அதாவது வின்சன் உச்சியில் மேற்காகச் சரிந்த பனியும் கிழக்காகச் சரிந்த பனியும் கடைசியில் ஒரே இடத்தில்தான் சேருகின்றன. மேற்கே போனது மலையைச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பசிபிக் பக்கம் போகும் பனி இதற்கும் மேற்கே, வேறொரு பனிமுகட்டைத் தாண்டித் தொடங்குகிறது. அந்த முகடு பாறையால் ஆனதுகூட இல்லை, வெறும் பனிமேடு. வெளியிலிருந்து பார்த்தால் சமதரையாகத்தான் தெரியும். கண்டத்தையே பிரிக்கும் கோடு மலையில் இல்லை, யாரும் திரும்பிப் பார்க்காத அந்த வெட்ட வெளியில் இருக்கிறது.

எனக்கு உயரத்தைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. 4,892 என்பது ஒரு எண். பனி எந்தப் பக்கம் வழிகிறது என்பதுதான் அந்த ஊரின் பூகோளம்.

ஜனவரி 21

நான் நேரில் பார்த்த பனியாறு கங்கோத்ரி ஒன்றுதான். கோமுகத்தில் அதன் வாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வரும். மேலே முழுக்கக் கல்லும் மண்ணும்; பனியாறு என்று பக்கத்தில் வந்தவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பனியாறு என்றால் ஒரு முனையில் உருகித் தண்ணீர் வர வேண்டும் என்பது அதனால் மனதில் ஊறிப்போன எண்ணம்.

வின்சனைச் சுற்றி அந்த முனையே கிடையாது. கோடையிலும் மைனஸ் முப்பது சர்வ சாதாரணம். உருகி ஓட வழியில்லை. பனி பனியாகவே நகர்ந்து, பனியாகவே கடல் மேல் மிதந்து, கடைசியில் உடைந்து மிதவையாகப் போகிறது. அல்லது அடியில் கடல்நீர் பட்டுக் கரைகிறது. அதனால்தான் ரட்ஃபோர்டுக்குக் கோமுகம் மாதிரி ஒரு இடத்தைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. அது எங்கே தரையை விட்டு மிதக்க ஆரம்பிக்கிறது என்ற கோட்டைத்தான் காட்டலாம். அந்தக் கோடு வின்சன் உச்சியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மலை மேல் நிற்பவன் கிழக்கே பார்க்கிற வெள்ளைச் சமவெளியின் ஒரு பகுதிக்கு அடியில் கடல்.

ஜனவரி 23

மேலே கடல் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. இது 2006-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. ரட்ஃபோர்ட் பனி ஓடை நாளுக்கு ஒரு மீட்டர் அளவில் நகர்கிறது. ஆனால் ஒரே சீராக இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேகம் கூடிக் குறைகிறது, சுமார் 20 சதவீதம் வரை. தரையை விட்டு மிதக்கும் கோட்டிலிருந்து 40 கி.மீ. மேலேகூட இந்தத் துடிப்பு தெரிகிறது.

ஏன் பதினைந்து நாள்? மீனவ நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே சொல்லிவிடுவார்கள்.

ஜனவரி 23, மாலை

"அமாவாசை, பௌர்ணமிக்குப் பனியாறு ஓடுகிறதா? இது பூகோளமா, பஞ்சாங்கமா?"

இரண்டும்தான் ஐயா. அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிக் கடல் ஏற்ற இறக்கம் கூடும். ரோன் பனித்தட்டு மிதப்பது கடல் மேல், ஆகவே அந்தத் தட்டே ஏறி இறங்குகிறது. ரட்ஃபோர்ட் போய்ச் சேரும் மூலையில் இந்த ஏற்ற இறக்கம் மீட்டர் கணக்கில் இருக்கும், உலகத்தின் பெரிய ஏற்ற வற்றங்களில் அதுவும் ஒன்று. தட்டு அசையும்போது அதன் பின்னால் தரையில் கிடக்கும் பனிக்குக் கிடைக்கும் முட்டும் மாறுகிறது, அடியிலுள்ள நீரழுத்தமும் மாறுகிறது. பனிக்கு அடியில் சேறு, ஈரமான சேறு. அதன் மேல் வழுக்கித்தான் இவ்வளவு கனமும் போகிறது. கொஞ்சம் பிடிமானம் மாறினாலும் வேகத்தில் தெரிந்துவிடும்.

பனிக்கட்டி உடம்பு முழுக்க உறைந்து அசையாமல் கிடக்கிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

ஜனவரி 27

சேறு இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். செயற்கையாக நில அதிர்வு அலைகளை அனுப்பி வெகுகாலமாகவே ஊகித்திருந்தார்கள். பிறகு நேரிலேயே துளைத்தார்கள். பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே குழு 2019 ஜனவரி 8 அன்று ரட்ஃபோர்டில் வெந்நீர் பீய்ச்சி 2,152 மீட்டர் இறங்கி அடித்தரையைத் தொட்டது. வெந்நீர்த் துளை என்றால் பனியை உருக்கி எடுத்த தண்ணீரைச் சூடாக்கி, ரப்பர் குழாயில் அழுத்தி இறக்கிக்கொண்டே போவது. நிறுத்தினால் துளை திரும்ப உறைந்துவிடும். ராத்திரி பகல் ஷிஃப்ட் போட்டு வேலை. நமக்கு போர்வெல்லில் கம்பி சிக்கினால் பத்து பேர் கூடிவிடுவோம், அங்கே பக்கத்து வீடே கிடையாது.

இப்போது உயரக் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். ரட்ஃபோர்டின் மேல்பரப்பு அந்தப் பகுதியில் கடல் மட்டத்துக்குச் சில நூறு மீட்டர்தான் மேலே. அடியில் இரண்டு கிலோமீட்டர் பனி. ஆகப் பாறைத்தரை கடல் மட்டத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. பனியை வழித்து எடுத்துவிட்டால், அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து வின்சன் உச்சி வரை ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். இமயமலையில்கூட இப்படி ஒரே மூச்சில் எழும் சரிவுகள் கொஞ்சம்தான். நாம் படத்தில் பார்ப்பது மலையின் மேல்பகுதியை மட்டும்.

இன்னும் மேற்கே சுமார் 600 கி.மீ. போனால் பென்ட்லி பள்ளம். பனிக்கு அடியில் கடல் மட்டத்துக்குக் கீழே 2,500 மீட்டர். அந்தப் பள்ளத்துக்கு எந்த பென்ட்லியின் பெயரோ அவர்தான் 1957-58 பருவத்தில் இந்தப் பக்கம் தரைவழியாக வண்டியில் வந்த குழுவின் தலைவர், சார்ல்ஸ் பென்ட்லி.

ஜனவரி 28

துளை போடுவது எப்போதும் பலிக்காது. எல்ஸ்வொர்த் மலைகளுக்கு மேற்கே, மூன்று கிலோமீட்டருக்கு மேல் பனிக்கு அடியில் ஒரு ஏரி இருக்கிறது. எல்ஸ்வொர்த் ஏரி என்றே பெயர். 2012 டிசம்பரில் அதைத் தொடப் பிரிட்டிஷ் குழு போனது. முக்கியத் துளையையும் பக்கத்தில் போட்ட இன்னொரு துளையையும் 300 மீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டியாக இணைக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீரைச் சுழற்ற முடியும். இரண்டும் சந்திக்கவே இல்லை. சூடாக்கும் எரிபொருள் குறைந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கைவிட்டார்கள்.

இரண்டு பக்கத்திலிருந்து சுரங்கம் தோண்டி நடுவில் சேர்க்கும் வேலையில் இருந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள்.

பிப்ரவரி 2

"அங்கே எப்படிப் போவது, ஏறுவது கஷ்டமா?"

நான் போனதில்லை, போகப் போவதும் இல்லை, முட்டி ஒத்துழைக்காது. வழி மட்டும் சொல்கிறேன். சிலியின் தென்கோடியில் புன்டா அரினாஸ். அங்கிருந்து விமானம், நாலு மணி நேரத்துக்கு மேல். இறங்குவது யூனியன் பனியாற்றில், ஹெரிடேஜ் தொடரில். ஓடுதளம் சிமெண்ட் இல்லை, நீலப் பனி. மலையிலிருந்து கீழே பாயும் காற்று பொடிப்பனியை ஒட்ட ஒட்டத் துடைத்துவிடுகிறது. அடியில் ஆண்டாண்டு காலமாக அழுந்திய பழைய பனி மொழுமொழுவென்று நிற்கிறது. குமிழெல்லாம் போய்விட்டதால் நீலமாகத் தெரியும். இல்யூஷின் 76 மாதிரி சரக்கு விமானமே சக்கரத்தில் இறங்கியிருக்கிறது. ஆனால் பிரேக் பிடித்தால் பிடிக்காது. ஓடி ஓடித்தான் நிற்க வேண்டும். காற்று இல்லாவிட்டால் ஓடுதளம் இல்லை, காற்று அதிகமானால் விமானம் இறங்க முடியாது. அதுதான் அங்கத்திய நிலைமை.

யூனியனிலிருந்து சின்ன விமானத்தில் பிரான்ஸ்கோம்ப் பனியாறு. அங்கே சுமார் 2,100 மீட்டரில் முதல் முகாம். கடைசி முகாம் 3,780 மீட்டர் அளவில்.

1966-ல் போன முதல் குழுவுக்கு இந்த வசதி ஒன்றும் இல்லை, அமெரிக்கக் கடற்படை விமானம் இறக்கிவிட்டது. நிக்கலஸ் கிளின்ச் தலைமை. டிசம்பர் 18 அன்று நாலு பேர் உச்சி தொட்டார்கள்.

பிப்ரவரி 3

"ஐயாயிரம்கூட இல்லையே, நம் ஆட்கள் லடாக்கில் பைக்கிலேயே இதைவிட உயரம் போகிறார்கள்" என்று ஒரு நக்கல்.

போகிறார்கள். ஆனால் துருவத்தில் அதே உயரத்துக்குக் காற்று இன்னும் மெலிசு. குளிரில் காற்று சுருங்கிக் கனத்து அடியிலேயே தங்கிவிடும், மேலே போகப் போக அழுத்தம் வேகமாக இறங்கும். பூமத்தியரேகைப் பக்கம் இதே உயரத்தில் நிற்பவனைவிட வின்சனில் நிற்பவனுக்கு மூச்சு அதிகம் வாங்கும். உயரமானியில் அழுத்தத்தை வைத்து உயரம் பார்ப்பவர்களுக்கும் இது ஒரு தலைவலி, கருவி உள்ளதைவிட அதிகமாகவே காட்டும்.

எனக்குக் கோமுகத்துக்கு மேலே இருக்கும் தபோவன் ஏற்றத்திலேயே தலை வெடித்தது. கூட வந்தவர்கள் சூப் குடிக்கும்போது நான் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகையால் யார் ஏறினாலும் என் மரியாதை உண்டு, பைக்கில் போனாலும்.

குளிரில் இன்னொன்று. கோடையில் சூரியன் அஸ்தமிப்பதில்லை, வானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால் தாழ்வாகத்தான் சுற்றும், பாதி நாள் மலைக்குப் பின்னால் போய்விடும். மேற்குச் சரிவில் இருக்கும் முகாமில் நிழல் விழுந்ததும் கூடாரத்துக்குள் மூச்சுக்காற்று உறைந்து துணியில் பூத்துவிடும். வெயில் திரும்ப வரும்வரை யாரும் தூக்கப்பையை விட்டு வெளியே வருவதில்லை. வெயில் பட்டதும் பூத்தது எல்லாம் பொலபொலவென்று முகத்தில் கொட்டும். ஏறியவர்கள் பலரும் எழுதியிருப்பது இது.

பிப்ரவரி 8

யார் நாடு இது? தேர்வுத் தம்பி கேட்டது, நல்ல கேள்வி.

யாருடையதும் இல்லை, அல்லது சிலி தன்னுடையது என்கிறது. மேற்கு 53 முதல் 90 பாகை வரை சிலியின் உரிமைக்கோரல். பிரிட்டன் 80-லும் அர்ஜென்டினா 74-லும் நின்றுவிடுகின்றன. தீபகற்பத்துக்கு மூன்று பேரும் சண்டை போடுகிறார்கள். 85 பாகையில் இருக்கும் வின்சனுக்குச் சிலி ஒருவர்தான். 90 பாகையைத் தாண்டினால் எந்த நாடும் கேட்காத நிலம். அந்த அட்சத்தில் ஒரு பாகை 22 கி.மீ.தான் வரும், ஆகவே வின்சனிலிருந்து மேற்கே நூறு கிலோமீட்டர் போவதற்குள் உரிமை கோரப்படாத பூமிக்குள் நுழைந்துவிடுவீர்கள். 1959 அண்டார்டிக் ஒப்பந்தம் இந்தக் கோரல்களை எல்லாம் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது. சிலி 2014 முதல் யூனியன் பனியாற்றில் ஒரு நிலையம் நடத்துகிறது. பட்டா கேஸில் அனுபவ பாத்தியதை காட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 15

பாறை பற்றி ஒரு கேள்வி நிலுவையில் இருந்தது. உச்சிகளெல்லாம் குவார்ட்சைட், அதாவது பழைய கடலோர மணல் இறுகியது. அதனால்தான் இவ்வளவு செங்குத்தாக நிற்கிறது, வேறு பாறை என்றால் பனி எப்போதோ அரைத்துத் தள்ளியிருக்கும். வின்சன் எரிமலை இல்லை, எரிபஸ் எரிமலை அந்தப் பக்கம், ராஸ் தீவில்.

அதற்கு மேல் அடுக்கில், தொடரின் வட பகுதியில் போலார்ஸ்டார் படிவம் என்று ஒன்று. எல்ஸ்வொர்த்தின் விமானப் பெயர்தான். அதில் குளோசோப்டெரிஸ் என்ற, அழிந்துபோன ஒரு செடியின் இலைப் படிவங்கள் கிடைத்திருக்கின்றன. அதே செடியின் படிவம் ஜார்கண்ட் நிலக்கரியிலும் கிடைக்கிறது. கோண்ட்வானா பாடம் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூடுதலாக ஒன்று, இந்த மலைத்துண்டு முழுவதும் பழைய இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு கிட்டத்தட்ட 90 பாகை திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. பாறை மடிப்புகளின் திசை கிழக்கு அண்டார்டிகாவின் மலைகளோடு ஒத்துப்போகாமல் குறுக்காக நிற்பதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

பிப்ரவரி 16

கடைசியாக வந்த கேள்வி: "2006-க்கு முன்னால் வின்சன் மாஸிஃப் என்றே எழுதினார்களே?"

21 கி.மீ. நீளம், 13 கி.மீ. அகலம் உள்ள அந்தத் திரட்சி முழுவதும் மாஸிஃப். அதன் மேல் இருக்கும் உச்சி மட்டும் மவுண்ட் வின்சன். 2006 நவம்பரில் அமெரிக்கப் பெயர்க்குழு இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்தது. அதே சமயம் மேட்டில் இருக்கும் சின்ன உச்சிகளுக்கும் ஷோனிங், கார்பெட், கிளின்ச் என்று முதல் குழுவின் பெயர்களை வைத்தார்கள். பிறகு பல்கேரியாக்காரர்கள் வந்து மிச்சமிருந்த மேடு பள்ளங்களுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழைய வரைபடம் வைத்திருப்பவர்கள் புதுசு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உயரம் யார் என்று அடுத்து கேட்பீர்கள். டைரி, 4,852. வின்சனுக்கு நாற்பது மீட்டர் குறைவு, ஏறுவதற்கு எத்தனையோ மடங்கு கடினம். 1967 ஜனவரி 6 அன்று கார்பெட்டும் ஜான் இவான்ஸும் முதலில் ஏறினார்கள். இன்றுவரை அதில் ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான். வின்சனுக்கு வருஷா வருஷம் கூட்டம் போகிறது.